விக்டோரியாவின் ஐந்து சென்ட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனியில் எப்போது ஷிப்ட் முடியும் என்பது மனை வியாபாரிகளுக்கு அத்துப்படி. கேட்டுக்கு எதிரே வேனை நிறுத்திக்கொண்டு, வெளியே வரும் பெண்களின் கையில் வழவழ நோட்டீசைத் திணிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்க இலவச வேன், மத்தியானம் பிரியாணி, அன்றைக்கே புக் செய்தால் தங்கக் காசு. யாருக்குச் சீட்டு விழுந்திருக்கிறது, யாருக்கு பி.எப். பணம் வந்திருக்கிறது என்பதை இவர்கள் எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இந்த வேன்காரர்கள் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரே பொம்பளை விக்டோரியா. ஒயர் கம்பெனியில் பேக்கிங் வேலை. நாற்பத்தைந்தைத் தாண்டியவள். கூட வேலை செய்யும் பெண் யாராவது மனை வாங்கப்போகிறாள் என்றால் அவளுடன் இவளும் வேனில் ஏறிவிடுவாள். பிரியாணியை வஞ்சகமில்லாமல் சாப்பிடுவாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து ஆரம்பிப்பாள்.

"இந்த ரோடு யார் பேர்ல கீது சார்? மழ பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போவும்? வித்தவருக்கு எத்தினி அக்கா தங்கச்சி? அவுங்க கையெழுத்து எங்க?"

மூன்றாவது கேள்விக்குள் வியாபாரிக்கு வியர்த்துவிடும். விக்டோரியா அதோடு விடமாட்டாள். அடுத்த வாரம் பஸ் ஏறித் தனியாகப் போய், அங்கே எருமை மேய்க்கிறவரிடமும் பெட்டிக்கடைக்காரரிடமும் பேச்சுக் கொடுத்துவிட்டு வருவாள். வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு மனையைக் கோடையில் பார்த்து மயங்கிப்போன ஒருத்தியைக் கார்த்திகை மழையில் மறுபடி கூட்டிக்கொண்டு போனாள். மனையின் நடுவில் ஒருவர் முட்டியளவு தண்ணீரில் நின்று வலை போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி முழுக்க அன்றைக்கு அந்தச் சிரிப்புத்தான். அவளுக்கு 'வில்லங்கம்' என்று பேர் வைத்தார்கள். 'வில்லங்கம் பார்த்தாச்சா' என்றால் விக்டோரியாவைக் கேட்டாயிற்றா என்று அர்த்தம்.

இதெல்லாம் அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. கல்யாணமான புதிதில் அவளும் புருஷன் ஸ்டீபனும் செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு மனை வாங்கி அஸ்திவாரம் போட்டார்கள். அது ஏரிப் புறம்போக்கு. ஒருநாள் ஜேசிபி வந்தது, அஸ்திவாரம் போனது. மணவாள நகர் வக்கீல் சந்திரமோகனைப் பிடித்துக் கோர்ட்டுக்கு அலைந்ததில் செருப்புத்தான் தேய்ந்தது. அன்றிலிருந்து வாடகை வீடுதான். ஸ்டீபன் லோடு இறக்கும்போது கால் நசுங்கிப் படுத்துக் கிடந்ததும் வாடகை வீட்டில்தான், மகள் ஏஞ்சலைத் தடாவில் கட்டிக்கொடுத்ததும் வாடகை வீட்டிலிருந்துதான். சொந்தமாக ஒரு வீடு, அதில் யாரும் வந்து எழுந்து போ என்று சொல்லாமல் செத்துப்போவது. விக்டோரியாவுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். ஆனால் சூடு கண்ட பயத்தில் ஊரார் மனைகளைப் பார்த்தாளே தவிர, தனக்கென்று ஒன்றைத் தொடவில்லை.

ஒருமுறை ஈஸ்வரி என்று உடன் வேலை செய்கிறவள் மலிவாக ஒரு நிலம் வருகிறது என்று வந்தாள். ஈஸ்வரி ஊர்த்தெருக்காரி, நெல் விளைவிக்கிற குடும்பம். விக்டோரியா விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்: "அது டி.சி. நெலம்மா, பஞ்சமி நெலம். வெள்ளக்காரன் காலத்துல எங்க ஜனத்துக்குப் பொழச்சிக்கச் சொல்லிக் குடுத்தது. எங்காளுங்க எங்காளுங்களுக்குத்தான் விக்கணும். நீ வாங்குனா பத்திரம் வெறும் காயிதம். கவர்மென்ட்டு எப்ப வேணா புடுங்கிக்கும்."

ஈஸ்வரி பிழைத்தாள். தீபாவளிக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். 'எங்காளுங்க' என்று சொன்னபோது விக்டோரியாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த நாட்டில் தன் ஜனத்துக்கு மட்டும் என்று எதையாவது எப்போதாவது ஒதுக்கி வைத்திருக்கிறார்களா? அந்த நிலம் ஒன்றுதான்.

அந்த நிலத்தில் ஒரு துண்டு அவள் தாத்தாவுக்கும் கிடைத்திருந்தது. ஏரிப்பேடு காலனிக்கு மேற்கே, ரோட்டை ஒட்டி. தாத்தாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வீட்டோடு இருந்ததால் நிலம் அவளுக்கு வந்தது, அவளுக்குப் பின் அவள் மகள் கெங்கம்மாளுக்கு. இளையவள் காலனிக் கோடியில் இருந்த சபையில் ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவள் மகள்தான் விக்டோரியா. அக்கா தங்கை பிள்ளைகள் அடுத்தடுத்த சந்தில் வளர்ந்தார்கள். ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றினால் முதல் தூக்கு விக்டோரியா வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறி கெங்கம்மாள் வீட்டுக்குப் போகும். அம்மனும் ஏசுவும் இவர்கள் சோற்றுப் பானைக்குள் ஒருநாளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை.

கெங்கம்மாளின் மகன் ஜெகனுக்கு லோடு வண்டி வாங்கவேண்டும், கல்யாணம் வேறு பண்ணவேண்டும். கெங்கம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

"யார்னா ஒர்த்தனுக்கு விக்கிறதுக்கு நீ எட்த்துக்கயேன். ரோட்டோரம் அஞ்சு சென்ட்டு. நம்ம தாத்தா நெலம்."

விக்டோரியா அன்றைக்கே போய் அந்த ஐந்து சென்ட்டை ஒரு சுற்று நடந்து பார்த்தாள். ஆனாலும் வில்லங்கம் வில்லங்கம்தானே. சொந்த அக்கா என்றும் பார்க்காமல் வாரிசுச் சான்றிதழ் கேட்டாள், சிட்டா கேட்டாள், சர்வேயரைக் கூட்டிவந்து நான்கு மூலையிலும் கல் நட்டாள். கெங்கம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்னாடி, என்னையே சந்தேகப்பட்றியா?" என்றாள். "உன்ன இல்லக்கா, காயிதத்த" என்றாள் விக்டோரியா. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி மணவாள நகருக்கு, அதே வக்கீல் சந்திரமோகனிடம் போனாள்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் சுத்தம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"டி.சி. நிலம்மா இது. அதே கம்யூனிட்டிக்காரங்கதான் வாங்கலாம். நீங்க அந்தக் கம்யூனிட்டிதானே?"

விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார் இப்டிக் கேக்குறீங்க? இந்த நெலத்தயே எங்க தாத்தாவுக்குத்தான் சார் குட்த்தாங்க. பொறந்து வளந்தது எல்லாம் அந்தக் காலனிதான்."

வக்கீல் தலையாட்டிவிட்டு, வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊரெல்லாம் கேள்வி கேட்டவள், தன்னைப் பற்றி வக்கீல் கேட்ட ஒரே கேள்வியை இப்படிச் சிரித்துத் தள்ளினாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏரிப்பேட்டில் ஊர்த்தெருப் பக்கம் அவள் தண்ணீர் கேட்டபோதெல்லாம் சொம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் ஊற்றினார்கள். ஊற்றும் முன் நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் 'உங்க வீடு எங்கக்கா' என்று கேட்டு, 'காலனி' என்றதும் பேச்சை மாற்றினாளே, அவளும் கேட்கவில்லை. ஏளனம் செய்கிறவன் எவனும் ஞானஸ்நானத்துக்குத் தள்ளுபடி தந்ததில்லை. ஏஞ்சல் காலேஜில் சேர்ந்தபோது, கிறிஸ்தவர் என்றால் பி.சி., எஸ்.சி. உதவித்தொகை கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள்தான். விக்டோரியா அன்றைக்கு ஆபீஸ் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை. அது பள்ளிக்கூடத்துச் சமாசாரம், பீஸ் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டாள். மண்ணும் அப்படியே கேட்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பத்திரம் பதிவானது. தன் பி.எப்., ஸ்டீபன் காலுக்கு வந்த நஷ்டஈடு, ஏஞ்சல் அனுப்பியது எல்லாம் நிலமாகவும் சிமெண்டாகவும் கம்பியாகவும் மாறின. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் குளியலறை. கான்கிரீட் போட்ட அன்று கம்பெனிப் பெண்கள் லீவு போட்டு வந்து ஜல்லி சுமந்தார்கள். வாசக்கால் வைத்தபோது பாஸ்டர் வந்து விக்டோரியா தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். அவர் போனதும் கெங்கம்மாள் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தாள். ஜெகன் போனில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு திரிந்தான். குடிபோன அன்று ஸ்டீபன் நொண்டிக்கொண்டே அறை அறையாகப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தான். விக்டோரியா அதைப் பார்த்துவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

பட்டாவைப் பேர் மாற்ற எழுதிப்போட்டாள். வி.ஏ.ஓ. ஜாதிச் சான்றிதழ் கேட்டார். எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

"என்னம்மா இது, கிறிஸ்டியன், பி.சி.ன்னு இருக்கு. நீங்க எஸ்.சி. இல்லியே."

"அது படிப்புக்குக் குடுக்குறது சார். நாங்க அந்த ஜனந்தான். ஊருக்குள்ள டீக்கடைல வேணா கேட்டுப் பாருங்க, நா யாருன்னு."

"டீக்கடைக்காரனா பட்டா குடுக்கப் போறான்?" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இந்த நிலத்த உங்களுக்கு வித்தது செல்லாதும்மா. மேல எழுதணும்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

எப்படியோ அந்தச் செய்தி புரோக்கர் வசந்தகுமார் காதுக்குப் போயிற்று. அவனிடமிருந்து ஜெகனுக்குப் போயிற்று. வாங்கியவள் தகுதி இல்லாதவள், நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும், அதே ஜனத்தில் நிலமில்லாத ஒருவனுக்குக் கொடுக்கும். முதன்முதலில் அந்த நிலத்தைப் பெற்ற தாத்தாவின் கொள்ளுப்பேரன் மனுப் போட்டால் யாருக்குக் கொடுப்பார்கள்? விற்ற பணத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நிலமும் வரும், மேலே சித்தி கட்டிய வீட்டோடு வரும். ஜெகன் மனுப் போட்டான்.

கோட்டாட்சியர் விசாரணைக்கு வரச்சொல்லி விக்டோரியாவுக்கு நோட்டீஸ் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே கெங்கம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, இன்னாக்கா இது? உம் புள்ள பேரு போட்டு கீது."

கெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நா இன்னாடி பண்ணுவேன்? எனக்குத் தெரியாம எழுதிட்டான். நா கேட்டா மொறைக்கிறான்."

"அப்ப அந்தப் பணத்தையாவது குடு."

"எங்கடி கீது? வண்டில கீது, கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ்ல கீது."

வக்கீல் சந்திரமோகன் விஷயத்தைக் கேட்டதும், "நான்தான் அன்னிக்கே கேட்டேனேம்மா" என்றார். தான் கேட்டது ஞாபகம் இருந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி. பிறகு ஒரு வழி சொன்னார். அம்மா காலத்தில் ஏசு வேதத்தில் சேர்ந்தது பேருக்குத்தான், நாங்கள் திரும்பி வந்துவிட்டோம், கும்பிடுவது கங்கையம்மனை, காலனி ஜனம் எங்களைத் தங்கள் ஆட்களாகத்தான் வைத்திருக்கிறது என்று சொல்லவேண்டும். அந்த ஜனத்திலிருந்து ஒருவர் வந்து ஆமாம் என்று சொல்லவேண்டும். "சொந்தக்காரங்களா இருந்தா நல்லது" என்றார். நடக்கும் என்று உறுதியாகச் சொல்லமுடியாது, ஆனால் வேறு வழியும் இல்லை என்றார்.

கெங்கம்மாள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். "நா சொல்றேன்டி. எங்கம்மாவும் உங்கம்மாவும் ஒரே வயித்துல பொறந்தவளுங்க. இத சொல்றதுக்கு இன்னா?"

ஸ்டீபன் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் காணிக்கைப் பை ஏந்துகிறவன். அந்த நொண்டிக் காலோடு வரிசை வரிசையாகப் போவதில் அவனுக்கு ஒரு கௌரவம். விக்டோரியா விஷயத்தை அவனிடம் சொன்னாள்.

"நீ சொல்லிக்க" என்றான். "ஊடு வேணும்னா சொல்லித்தான் ஆவணும். என்ன மட்டும் வந்து சொல்லச் சொல்லாத."

"உனக்குந்தானே ஊடு?"

"எனக்குந்தான்" என்றான். "அதாலதான் உன்ன வேணாம்னு சொல்லல."

விசாரணை அன்று விக்டோரியா முகத்துக்கு மஞ்சள் பூசினாள். பெரிய குங்குமப் பொட்டாக வைத்தாள். கண்ணாடியில் கெங்கம்மாள் ஜாடை அப்படியே இருந்தது. பாட்டும் ஜெபமும் ஊறிய வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் யாரும் அவளை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அதுவே அவளுக்கு ஏதோ போல் இருந்தது.

அதிகாரி நிதானமாகக் கேட்டார். "சர்ச்சுக்குப் போறது உண்டா?"

"இல்ல சார்."

"வீட்ல பைபிள் வச்சிருக்கீங்களா?"

"எங்க ஊட்ல அதெல்லாம் இல்ல சார்."

"உங்க கல்யாணம் எங்க நடந்தது?"

"கங்கையம்மன் கோயில்ல சார்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைத்ததில்லை. தன்னைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

ஜெகன் எழுந்து போய்த் தன் போனை அதிகாரியின் மேஜைமேல் வைத்தான். வாசக்கால் வைத்த அன்று எடுத்த போட்டோ. விக்டோரியா தலையில் முக்காட்டோடு முழங்கால் போட்டிருக்கிறாள். பாஸ்டர் கை அவள் தலைமேல் இருக்கிறது.

"இது யாரும்மா?"

"அது... எங்க ஊட்டுக்காரரு கூப்ட்டாரு சார். அவருதான் அப்பப்ப..."

இப்படி ஸ்டீபனையும் பிடித்துக் கொடுத்தாள். அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கெங்கம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இவங்கள உங்க ஜனமா ஏத்துக்கிட்டு இருக்கீங்களா?"

கெங்கம்மாள் எழுந்து நின்றாள். மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவுங்க வேதக்காரங்க சார். நாங்க அம்மன கும்புட்றவங்க. அவுங்க வேற, நாங்க வேற."

"சொந்தம்னு சொல்றாங்களே?"

"பொண்ணு குடுக்கல் வாங்கல் எல்லாம் எங்களுக்குள்ள கெடையாது சார்."

அது உண்மைதான். அக்கா தங்கை பிள்ளைகள் அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் எந்தக் குடும்பத்தில் பெண் கொடுத்து எடுப்பார்கள்? உறவு அத்தனை நெருக்கம் என்பதால்தான் அந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும், எழுதிக்கொண்டிருந்த கிளார்க்குக்கும் தெரியும். அவர் கெங்கம்மாள் சொன்னதை மட்டும் சொன்னபடியே எழுதினார்.

"அக்கா" என்றாள் விக்டோரியா. ஒரு தடவைதான் கூப்பிட்டாள். கெங்கம்மாள் திரும்பவில்லை.

உத்தரவு வர அதிக நாள் ஆகவில்லை. விற்பனை செல்லாது, நிலம் அரசுக்கு, உள்ளே இருப்பவர்கள் காலி செய்யவேண்டும். பிறகு அது ஜெகனுக்கு ஒப்படைக்கப்பட்டது. போட்ட பணத்துக்குத் தனியாகக் கேஸ் போடலாம் என்றார் வக்கீல். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார். ஜன்னலையும் கதவையுமாவது பெயர்த்துக்கொண்டு வரலாம் என்று ஆட்களோடு போனாள் விக்டோரியா. ஜெகன் சித்தி என்றுகூடப் பாராமல் வழியை மறித்துக்கொண்டு நின்றான். அவன் பொண்டாட்டியாக வரப்போகிறவளின் வீட்டார் அன்றைக்கு வீடு பார்க்க வந்திருந்தார்கள். கூடம் விசாலமாக இருக்கிறது என்று அவர்கள் பேசிக்கொண்டது விக்டோரியா காதில் விழுந்தது.

விசாரணையில் அவள் சொன்னதெல்லாம் அவளுக்கு முன்னாலேயே காலனிக்கு வந்துவிட்டிருந்தது. அடுத்த ஞாயிறு பாஸ்டர் யாரையும் பேர் சொல்லித் திட்டவில்லை. காணிக்கைப் பையை மட்டும் ஸ்டீபனிடம் கொடுக்காமல் வேறொருவனிடம் கொடுத்தார். ஸ்டீபன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். விக்டோரியா சபைக்குப் போவதை நிறுத்தினாள். கோயிலுக்கு எப்படியும் அவள் போகப்போவதில்லை. கம்பெனியில் பெண்கள் முதலில் உச் கொட்டினார்கள். அப்புறம், எல்லாருக்கும் பார்த்தவள் தனக்குப் பார்க்கவில்லையே என்று கேண்டீனில் சிரித்தார்கள். அவள் காதில் விழும்படிதான் சிரித்தார்கள். மீன் பிடித்த மனையிலிருந்து காப்பாற்றப்பட்டவளும் அதில் இருந்தாள்.

பழைய சந்திலேயே ஒரு ஒற்றை அறைக்கு விக்டோரியாவும் ஸ்டீபனும் வாடகைக்குப் போனார்கள்.

ஆடி மாசத்தில் ஒரு சாயங்காலம் கெங்கம்மாள் வந்தாள். கையில் கூழ்த் தூக்கு. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். விக்டோரியா போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கெங்கம்மாள் உள்ளே வந்து கீழே உட்கார்ந்தாள்.

"எம்மேல கோவமாத்தான் கீற. இருக்கும். புள்ளைக்காவ சொல்லிட்டேன். நீயும் புள்ள பெத்தவதானே."

விக்டோரியா தூக்கைத் திறந்து கூழைச் சொம்பில் ஊற்றிக்கொண்டாள்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்டி. எனக்கு வேற யாரு கீறாங்க இதெல்லாம் கேக்குறதுக்கு?" கெங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த வசந்தகுமாரு வந்துக்கினே கீறான். பக்கத்துல பெரிய குடோன் வருதாம். நெலத்துக்கும் ஊட்டுக்கும் அவன் ஆளு ஒர்த்தன் பேருக்குப் பவர் எழுதிக் குடுக்கணுமாம். மாடி கட்றதுக்கு லோன் வாங்கித் தரேன், எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன்னு சொல்றான். ஜெகன் துள்ளிக்கினு கீறான். எனக்குத்தான் பயமா கீது. போடலாமா, வேணாமா? நீ சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்."

விக்டோரியா கூழை ஒரு வாய் குடித்தாள். பவர் வாங்கியவன் நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்பான், கொடுத்தவனுக்குச் சொல்லக்கூட வேண்டியதில்லை. அதுவும் அரசு புதிதாக ஒப்படைத்த நிலம். அதை இப்போது அடுத்தவன் கையில் கொடுத்தது தெரிந்தால் நிபந்தனையை மீறியாயிற்று என்று மறுபடியும் எடுத்துக்கொள்வார்கள். எப்படிப் பார்த்தாலும் கெங்கம்மாளும் அவள் மகனும் மருமகளும் தெருவில்தான். இதே கேள்வியோடு வந்த பெண்களிடம் விக்டோரியா 'செத்தாலும் கையெழுத்துப் போடாதே' என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறாள்.

அவள் வழக்கம்போலக் கேள்வி கேட்டாள். "பொதுப் பவரா, தனிப் பவரா?"

"பொதுன்னுதான் சொன்னான்."

"ரிஜிஸ்தர் பண்றாங்களா?"

"ஆமா, ஆபீசுல போயி."

"விக்கிறதுக்கும் சேத்து எழுதச் சொன்னானா?"

"அது சும்மா பேருக்குத்தானாம். பேங்குல கேப்பாங்களாம்."

விக்டோரியா சொம்பைக் கீழே வைத்தாள். கெங்கம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நம்பிக்கை அந்தக் கண்ணில். விக்டோரியாவுக்கு உள்ளே எதுவும் துடிக்கவில்லை. அன்றைக்கு அதிகாரி முன்னால் வந்த அதே குரல், தடங்கலில்லாமல் வந்தது.

"போடச் சொல்லுக்கா. ஒரு தப்பும் இல்ல."

"நெஜமாவா?"

"இப்ப எல்லாம் அப்டித்தான் பண்றாங்க. ரெண்டு போட்டோவும் ஆதார் ஜெராக்சும் எட்த்துக்கினு போவச் சொல்லு, இல்லாட்டி அலைய வுடுவாங்க. கவர்மென்ட்டு குடுத்த ஆர்டரு கீதே, ஒரிஜினலு, அதையும் அவங்கிட்டயே குட்த்துடுங்க. ஊட்ல வச்சா எலி கடிச்சிடும்."

கெங்கம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விக்டோரியாவின் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாள். கண் கலங்கியது.

"நா அப்டிச் சொன்னதுக்கு நீ வேற ஒர்த்தியா இருந்தா வெளக்கமாத்தால அடிச்சிருப்ப. நீ எங்கூடப் பொறந்தவடி."

விக்டோரியா தூக்கைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தாள்.

"எப்பக்கா ரிஜிஸ்தரு?"

"வெள்ளிக்கெயம."

"நல்ல நாளுதான். காலையிலயே போயிடுங்க. கூட்டம் இருக்காது."